தோட்டத்துப் பந்தலில் ஒரு புதுமை விவாகம்

கல்யாணம் இரு குடும்பங்களின் வைபவம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. ஆயினும், அதே சிம்மாசனம், அதே பிளாஸ்டிக் பூத்தோரணம், அதே ஒப்பனை, அதே சினிமாப் பாட்டு என்று மண்டபத்துக்கு மண்டபம் ஒரே அச்சில் வார்த்தெடுத்த விருந்துபசரிப்புகளைப் பார்த்துப் பார்த்து, மேடையில் வீற்றிருக்கும் பெண்ணும் பிள்ளையும் யாராயிருந்தாலும் வித்தியாசம் ஒன்றுமில்லையோ என்ற ஆயாசம் நெடுங்காலமாக என் மனத்தில் குடிகொண்டிருந்தது. ஆகவே, ஆடை வடிவமைப்பைப் படித்துவிட்டுக் கிள்ளானில் தையல் நிலையம் நடத்திவரும் என் தங்கை மகளுக்கும், செம்பனை ஆலையில் பணிபுரியும் ஒரு பிள்ளைக்கும் விவாகம் நிச்சயமானபோது, "பெரியம்மா, மணவறையில் நான் நானாகவே தெரிய வேண்டும், நீங்கள்தான் கூட நின்று நடத்திக் கொடுக்க வேண்டும்" என்று அவள் கேட்டதை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். அந்தப் பொறுப்பில் கற்றுக்கொண்டவை பிறருக்கும் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையால் இதனை எழுதுகிறேன்.

புதுமை என்ற பேச்சு எழுந்தவுடனே, "நம் வழக்கத்தில் இல்லாததை ஏன் செய்ய வேண்டும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நம் வழக்கத்தில் அது இல்லாமற் போகவில்லை என்பதுதான் சரித்திரம். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பிரயாணம் செய்தார். 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றோர் சீர்திருத்தக் கருத்துகளை இந்நாட்டுத் தமிழரிடையே பரப்பினர். தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு 1967-இல் சட்டம் இயற்றிச் சுயமரியாதைத் திருமணங்களுக்கு அங்கீகாரம் அளிப்பதற்கு முன்பே, அத்தகைய திருமணங்கள் மலாயாத் தமிழரிடையேயும் நடந்து வந்தன. எங்கள் மாப்பிள்ளையின் தாத்தாவே, இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், புரோகிதர் இல்லாமல், இரண்டு மாலைகளும் ஒரு சொற்பொழிவுமாக மணம் முடித்தவர் என்பது, நாங்கள் பேச்செடுத்த பிறகுதான் வீட்டிலுள்ள இளையவர்களுக்குத் தெரிய வந்தது. "அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்" என்று அவர் சொன்னதும் வீட்டிலிருந்த பாதித் தயக்கம் கலைந்துபோயிற்று. ஆதலால், உங்கள் திட்டத்தைப் பெரியவர்களிடம் விவரிப்பதற்கு முன்பாக, அவர்களுடைய கல்யாணம் எப்படி நடந்தது என்று முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

அதற்கடுத்தது, எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்பதை மணமக்கள் இருவருமே தனியே அமர்ந்து நிர்ணயம் செய்துகொள்வது. எங்கள் பிள்ளைகள் பந்தக்கால், தாலி, ஆரத்தி ஆகியவற்றில் கை வைக்கவில்லை. சிம்மாசனத்தையும் வாடகை மேடையையும் ஒப்பனை நிலையத்தையும் முற்றாக நீக்கினார்கள். ஆடை, அலங்காரம், இடம், வாத்தியம் இவற்றையே தங்கள் ரசனைக்குரிய களமாக எடுத்துக்கொண்டார்கள். நீக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தை அவர்களே நேரில் சென்று தாய்மாமன், அத்தை, பாட்டி என்று வரிசையாகச் சொல்லி வந்தார்கள். தொலைபேசிச் செய்தியில் தெரிவித்தால் அவமதிப்பாகத் தோன்றும் ஒரு விஷயம், வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லும்போது மரியாதையாகவே ஏற்கப்படுகிறது.

சட்டத்தின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. நாம் எந்த முறையில் மாலை மாற்றினாலும் பதிவில்லாத விவாகத்துக்கு அதில் இடமில்லை. விண்ணப்பித்த பிறகு அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் திருமணம் நிறைவேற வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். புதுமையான விவாகத்தை விரும்புகிறவர்கள் பதிவை முன்கூட்டியே முடித்துக்கொண்டால், வைபவத்தின் வடிவத்தை நிதானமாகவும் சுதந்திரமாகவும் தீர்மானிக்கலாம்.

இனி ஆடை. விவாகத்தின் வர்ணமும் அலங்காரமும் மண்டபக்காரர் காட்டும் படப் புத்தகத்திலிருந்து தொடங்கக்கூடாது. மணமகள் உடுத்தப்போகும் துணியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். எங்கள் வீட்டில் அந்தத் துணி, பாட்டியின் பெட்டியில் இருந்த அரக்கு வர்ணக் காஞ்சிப் பட்டு. உடலும் கரையும் தனித்தனி ஓடங்களால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்பட்ட கோர்வைப் புடவை அது. கரையின் விளிம்பில் கோபுரம் கோபுரமாக முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். வெளியே எடுத்ததும், பழைய பட்டு அறுவது மடிப்பு விழுந்த கோடுகளில்தான் என்பதால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு மடிப்பாக நிதானமாகப் பார்த்தோம். மூன்று இடங்களில் இழை மெலிந்து, பின்னால் நிற்பவருடைய விரல் தெரிந்தது. அதை வெட்டிப் பாவாடையாகவும் மேலங்கியாகவும் தைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. பாட்டியின் புடவையை வெட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். மெலிந்த இடங்களுக்குப் பின்னால் அதே வர்ணத்தில் மெல்லிய மல் துணியை வைத்து, ஊசியால் கையாலேயே பிடித்துத் தைத்து, முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அவள் அதை உடுத்திக்கொண்டாள். கடற்கரை அருகே இருக்கும் நம் வட்டாரத்தின் புழுக்கத்தில் பழைய பட்டைப் பொழுது முழுதும் உடுத்தியிருப்பது துணிக்கும் ஆகாது, உடலுக்கும் ஆகாது.

மாலை விருந்துக்கு அவள் வகுத்த ஆடைதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கரையில்லாத கருநீலப் பட்டுப் புடவையின் மேல், முழங்கால் வரை நீண்ட சொங்கெட் மேலங்கி. முதலில் அவள் விரும்பியது கறுப்பு. "கறுப்பைக் கட்டிக்கிட்டுச் சபையில நிப்பியாடி? என் கண்ணு மூடுன பிறகு கட்டிக்கோ" என்று பாட்டி சொன்னபோது கோபமாக எழுந்து போன பெண், மறுநாள் சாயத் துண்டுகளைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் பரப்பி, "இதில் எது கறுப்பில்லை என்று நீயே சொல்" என்று கேட்டாள்; நாவற்பழத்தை ஒத்த அந்தக் கருநீலத்தைத் தேர்ந்தவர் பாட்டியே.

சொங்கெட் மலாய் மக்களின் பொன்னிழை நெசவு; யுனெஸ்கோ நிறுவனம் 2021-இல் அதனை மானுடப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அதில் மூங்கிற் குருத்தைக் குறிக்கும் 'புச்சுக் ரெபோங்' என்ற முக்கோண வரிசை பிரசித்தமானது. காஞ்சிக் கரையின் கோபுர முக்கோணங்களையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, காலையில் உடுத்தும் ஆடைக்கும் மாலையில் உடுத்தும் ஆடைக்கும் இயற்கையான உறவொன்று கிடைத்துவிட்டது. இதனைவிடச் சிறந்த அலங்காரச் சூத்திரத்தை எந்த நிபுணரும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. அழைப்பிதழின் ஓரத்திலும், பந்தல் முகப்பிலும், வாசற் கோலத்திலும் அதே முக்கோணம்தான்.

சொங்கெட்டைத் தைக்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கைத்தறிச் சொங்கெட் பெரும்பாலும் கைலிக்கும் தோள் துணிக்கும் உரிய அளவிலேயே நெய்யப்படுவதால், மாதிரியை முதலில் காகிதத்தில் வெட்டித் துணிமேல் பரப்பிப் பார்த்து, போதுமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் இழைகள் உடனே பிரியுமாதலால், வெட்டவிருக்கும் கோட்டின் இரு பக்கத்திலும் முன்னதாகவே தையல் ஓட்டிவிட வேண்டும். உட்புறத்துக்கு மெல்லிய பட்டு உள்துணி அவசியம். பொன்னிழைகள் மேலே மிதந்து நிற்பவை. ஒட்டியாணமும் வங்கியும் அவற்றைக் கொக்கிபோல் பிடித்து இழுத்துவிடும். எங்கள் பெண் அந்த ஆடைக்குக் காதணியும் தாலிச் சரடும் தவிர வேறு நகை அணியவில்லை.

மாப்பிள்ளைக்கு, மெழுகு கொண்டு கையால் வரைந்த முழுக்கை பாத்தேக் சட்டையும், எட்டு முழ வேட்டியும். பாத்தேக் இந்நாட்டில் சபைக்குரிய உடை. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் வியாழக்கிழமைதோறும் அணிவது. வரைபவரிடம் ரப்பர் இலையின் மூவிலைக் கொத்தொன்றைக் கொடுத்து, அதையே கொடியாக ஓடவிடச் சொன்னோம். பால்மரம் வெட்டிய பாட்டனார் வழியில் வந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் என் தங்கையும் நானும் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயங்கள் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கோயிலும் அதன் திடலும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அங்கே பந்தல் போடுவதற்கு நிர்வாகத்தின் அனுமதியை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொண்டோம். மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், தண்ணீருக்குத் தொட்டி, கார்களை நிறுத்த இடம் இவை மூன்றையும் அலங்காரத்துக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் பிற்பகல்களில் இங்கு மழைக்குக் குறைவிராது. ஆகவே ஆவணியைத் தேர்ந்தோம், அப்போதும் பந்தலுக்கு மேல் தார்ப்பாய் போட்டு வைத்தோம். செம்பனை மட்டைகளை வளைத்து முகப்புக் கட்டுவதானால், அடித்தண்டில் இருக்கும் முட்களைப் பாராங்கத்தியால் முதலில் சீவி எறியுங்கள். பட்டுப் புடவையோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

விளக்குகளுக்குப் பழைய பால்மங்குகளைத் திரட்டினோம். பீங்கானும் கண்ணாடியுமான அந்த மங்குகள், பால் வெட்டிய குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. மரத்தில் கம்பி வளையத்தில் தொங்குவதற்கென்று செய்யப்பட்டதால் அடி குறுகியிருக்கும். தரையில் வைத்தால் சாயும். ஒவ்வொன்றின் கீழும் ஈரமணலைக் குவித்துக் குழித்து வைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் எண்ணெய் விட்டு, மிதக்கும் திரியை ஏற்றினோம். தண்ணீர் இருப்பதால் மங்கு சூடேறி வெடிப்பதில்லை. வாசலிலிருந்து மணவறை வரை இருபுறமும் அவை எரிந்தபோது, தாம் நாள்தோறும் தொட்டுப் புழங்கிய பாண்டத்தை அடையாளம் கண்டு பழைய தோட்டத்துப் பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். கண் கலங்கியவர்களும் இருந்தார்கள்.

படம் எடுப்பதற்குப் புக்கிட் மெலாவாத்திக் குன்றில் 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் அழகிய பின்னணி. ஆனால் அங்கே திரியும் குரங்குகளின் கண்ணில் பூமாலையும் பழத்தட்டும் படாதபடி வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். சிகிஞ்சான் வயல்கள் பச்சையாக வேண்டுமா, பொன்னிறமாக வேண்டுமா என்பதை அங்குள்ள விவசாயிகளிடம் கேட்டு நாள் குறிக்கலாம். விருந்து முடிந்ததும் வெளியூர் உறவினரைக் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துச் சென்று, சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைத் துடுப்புப் படகில் காட்டினோம். ஆற்றங்கரையிலேயே விருந்து வைக்கலாம் என்று சிலர் ஆசைப்பட்டபோது நான் உடன்படவில்லை. பிரகாசமான விளக்கு அந்தப் பூச்சிகளின் வாழ்வையே கெடுக்கும். நம் ஒரு நாள் சந்தோஷத்துக்காக அந்தத் துரோகத்தைச் செய்யலாகாது.

வைபவம் முடிந்த பின்னும் வேலை இருக்கிறது. பட்டுப் புடவையை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட்டு, பழைய கோடுகளில் மடிக்காமல் புதிய இடங்களில் மடித்து, தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பாச்சை உருண்டை சரிகையில் படவே கூடாது. சொங்கெட் மேலங்கியை மடிக்காமல், தோளுக்குப் பஞ்சு வைத்து அகலமான மாட்டியில் தொங்கவிட்டு, மேலே பருத்தி உறை போட வேண்டும். பால்மங்குகளைத் திரட்டும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டுப் பெயரை எழுதி ஒட்டியிருந்தோமாகையால், மறுவாரமே மணமக்கள் அவற்றைக் கழுவித் துடைத்து எடுத்துச் சென்று, உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.