ஏடிஎம் கார்டுக்கு எத்தனை பூட்டு? - குடும்பங்களுக்கான ஒரு பாடம்





மாதச் சம்பளம், வளைகுடாவிலிருந்து வரும் வீட்டுச் செலவுப் பணம், விதவை உதவித்தொகை, பிள்ளைகளின் கல்வி உதவி எல்லாமே இன்று வங்கிக் கணக்கில்தான் வந்து சேர்கிறது. அந்தக் கணக்கின் சாவி நம் கையிலுள்ள ஏடிஎம் கார்டு. கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து கோவளம் சாலைவரை, மருந்துக் கடையிலும் துணிக்கடையிலும் கார்டைத் தேய்க்கிறோம், தட்டுகிறோம். ஆனால் அந்தச் சிறு அட்டைக்குள் என்னென்ன பூட்டுகள் இருக்கின்றன, எந்தப் பூட்டு எந்தத் திருட்டைத் தடுக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. தெரியாததால்தான், வங்கி போட்டுத் தந்த பூட்டை நாமே திறந்து கொடுத்துவிடுகிறோம். இம்மாதப் பாடத்தில் அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிள்ளைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காந்தப் பட்டை: ஒரே பாடத்தை ஒப்பிக்கும் கிளி

கார்டின் பின்புறம் உள்ள கறுப்புப் பட்டைதான் பழைய கண்டுபிடிப்பு. 1960-களில் ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட வழி தெரியாமல் தவித்தார். எந்தப் பசையிலும் நாடா சுருங்கியது. துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே ஒட்டிப் பாருங்கள் என்றாராம். ஒட்டிக்கொண்டது.

பட்டை வசதியானது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கிளிப்பிள்ளையைப் போல, யார் கேட்டாலும் எத்தனை முறை கேட்டாலும் ஒரே விவரத்தையே சொல்லும். ஆகவே ஏடிஎம்மில் கார்டு செருகும் வாயில் ஒரு சிறு கருவியை ஒட்டி அந்த விவரத்தைப் பிடித்து, வேறொரு வெற்று அட்டையில் பதித்துவிட முடியும். இதைத்தான் ஸ்கிம்மிங் என்கிறார்கள். மேலே ஒரு சிறு கேமராவை வைத்தால் நாம் அழுத்தும் பின் நம்பரும் கிடைத்துவிடும்.

2016 அக்டோபரில் இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று தெரியவந்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி, புதிய கார்டு கொடுக்க வேண்டியிருந்தது.

பின் நம்பர்: நான்கு எண்ணின் கதை

1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தை நிறுவியது. உலகின் முதல் ஏடிஎம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்று அவர் நினைத்தாராம். தன்னால் நான்கு எண்ணைத்தான் நினைவில் வைக்க முடியும் என்று மனைவி சொன்னதால் நான்காக்கினேன் என்று பின்னாளில் சொன்னார். ரகசிய எண் முறைக்கு அதற்கு முந்தைய ஆண்டே, 1966-இல், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோ காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்.

நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் உண்டு. சில முறை தவறாக அழுத்தினாலே கார்டு முடங்கிவிடும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவனுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பிறந்த ஆண்டு, 1234, பைக் நம்பர் என்று வைத்தால் பத்தாயிரம் எண் நான்கைந்தாகச் சுருங்கிவிடும். நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. 0786 அல்லது 7860. நம் பெயரைப் பார்த்ததுமே திருடன் முதலில் முயல்வது இதைத்தான். இன்றே மாற்றுங்கள். கார்டு உறையின் மேலேயே பின் நம்பரை எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டி சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

கடைகளில் டெபிட் கார்டைத் தேய்க்கும்போதும் பின் நம்பர் கட்டாயம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. கடைக்காரர் "நம்பர் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்" என்றால், "மிஷினைக் கொடுங்க பாய், நானே போடறேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கடைசி எண்: பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்க்கும் எண். ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கோரிய முறை இது. ஒரு சிறு எண்ணை வைத்துப் பார்ப்போம்: 4539.

வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 9 இரண்டு மடங்கானால் 18; அதன் இலக்கங்களைக் கூட்டினால் 9. அடுத்த 3 அப்படியே. 5 இரண்டு மடங்கானால் 10, கூட்டினால் 1. பிறகு 4 அப்படியே. மொத்தம் 9+3+1+4=17. இருபதாக்க 3 தேவை. ஆகவே முழு எண் 45393. யாராவது முதல் இரண்டு இலக்கத்தை மாற்றி 54393 என்று தட்டினால் கூட்டுத்தொகை 28 வரும், பத்தால் வகுபடாது. இயந்திரம் உடனே தவறு என்று சொல்லிவிடும்.

இது கைத்தவறைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. இந்தக் கணக்கு ஊருக்கே தெரிந்த ஒன்று. அதேபோல் கார்டின் முதல் ஆறு இலக்கங்கள் வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பவை; அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவானவை. "உங்க கார்டோட முதல் ஆறு நம்பர் இதுதானே சார்?" என்று போனில் ஒருவர் சரியாகச் சொன்னால், அவர் வங்கி ஊழியர் என்று ஆகிவிடாது.

சிப்: கேள்விக்கேற்ற பதில் சொல்லும் காவலாளி

கார்டின் முன்புறம் தங்க நிறத்தில் மின்னும் சதுரம்தான் சிப். கெய்ரோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர் ரோலான் மொரேனோ 1974-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1990-களில் இதற்குப் பொதுத் தரத்தை வகுத்தன.

சிப் ஒரு சிறு கணினி. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறை கார்டைச் செருகும்போதும், தொகையையும் இயந்திரம் கொடுக்கும் ஒரு புதிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் பதிலைத் தருகிறது. அடுத்த முறை பதில் வேறு. ஆகவே ஒருவன் இன்றைய பதிலைத் திருடினாலும் நாளைக்கு அது செல்லாது. கிளியைப் போலச் செய்துவிடலாம். இந்தக் காவலாளியைப் போலச் செய்வது மிகக் கடினம்.

காந்தப் பட்டை மட்டும் உள்ள பழைய கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் யாருடையதாவது சிப் இல்லாத கார்டு கிடந்தால், வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓடிபி: இரண்டாவது பூட்டு

ஆன்லைனில் வாங்கும்போது சிப்பைச் செருக இடமில்லை. கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்க சிவிவி ஆகியவை தெரிந்தால் போதும் என்ற நிலை இருந்தது. அட்டையில் அச்சாகாத இன்னொரு சான்றும் வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பல வளர்ந்த நாடுகளில் வருவதற்கு முன்பே நம் நாட்டில் வந்த பாதுகாப்பு இது. இன்று நமக்கு வரும் ஓடிபி அதன் வழிவந்ததே. வெளிநாட்டு வணிகத் தளங்கள் சில இதைக் கேட்பதில்லை. அதனால்தான் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது.

ஓடிபி குறுஞ்செய்தியில் பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் விடுவதே நம் வழக்கம். முழுவதையும் படியுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்லை. அவை கேட்கப்பட்டால் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள்.

டோக்கனும் சுவிட்சும்

2022 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண்ணை, அதாவது டோக்கனை, வைத்துக்கொள்கின்றன. அந்தக் கடைக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. கடையின் கணினியை யாராவது உடைத்தாலும் நம் கார்டு எண் சிக்காது.

கார்டைத் தட்டினாலே பணம் போகும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. வசதிதான், தொலைந்தால் அதுவே ஆபத்து. ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது ஆகிய ஒவ்வொன்றையும் வங்கி செயலியில் தனித்தனியே மூடித் திறக்கலாம், வரம்பும் வைக்கலாம். செயலி தெரியாதவர்கள் கிளையில் கேட்டால் செய்துதருவார்கள்.

மிச்சமிருக்கும் வாசல்

ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு வாசலை மூடியது. திருடன் அடுத்த வாசலுக்குப் போனான். இப்போது அவன் தட்டும் வாசல் நம்முடைய வாய்தான். நாமே சொல்லிவிட்டால் எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

ஏடிஎம்மில் தடுமாறும் முதியவருக்கு உதவுவதுபோல் வந்து, பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொரு கார்டை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "உங்க கார்டு இன்னிக்கு ராத்திரி பிளாக் ஆயிடும்" என்று அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவினால், நமக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் போய்ச் சேரும். அவசரமும் பயமும்தான் அவர்களின் கருவி. அவசரப்படுத்தும் அழைப்பை வைத்துவிட்டு, கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே பேசுவதுதான் பதில்.

பணம் போய்விட்டால்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. முதலில் வங்கியை அழைத்து கார்டை முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால், நடுவிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. cybercrime என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். கேளம்பாக்கம் காவல் நிலையம் 2022 முதல் இயங்கும் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. அங்கும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை நமக்குத் தரும் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். தவறு நம்முடையதும் இல்லை, வங்கியினுடையதும் இல்லை, வெளியிலிருந்து யாரோ செய்தது என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நட்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய்; அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படி. வங்கியின் குறைபாட்டால் நடந்திருந்தால், எப்போது தெரிவித்தாலும் நமக்குப் பொறுப்பில்லை.

நாமே ஓடிபியைச் சொல்லிவிட்டால்? வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் நட்டம். தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் நட்டம். ஆகவே தவறு செய்தவருக்குத்தான் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் முக்கியம்.

ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? வெளிநாட்டில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணம் போய்விட்டதே, கணவருக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு சகோதரி இரண்டு நாள் அழுதுகொண்டிருப்பார். மகன் திட்டுவானே என்று ஒரு பெரியவர் வாயே திறக்கமாட்டார். அந்த இரண்டு நாளில் மீட்கக்கூடிய பணமும் போய்விடும். ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்தவர் அல்ல. "பணம் போனா போகட்டும், உடனே எங்ககிட்ட சொல்லுங்க, யாரும் திட்டமாட்டோம்" என்ற ஒரு வார்த்தையை இன்றே வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவையுங்கள். எந்தக் கண்டுபிடிப்பும் செய்யாத பாதுகாப்பை அந்த வார்த்தை செய்யும்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிறந்த ஆண்டு, 786, 1234 உள்ள பின் நம்பரை மாற்றுங்கள்.
2. வங்கியில் பதிவான கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் உள்ளதா என்று பாருங்கள். வெளிநாடு போனவரின் பழைய சிம் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போயிருக்கலாம்.
3. தேவையில்லாத வெளிநாட்டு, ஆன்லைன் பயன்பாட்டை மூடுங்கள்.
4. வங்கி உதவி எண்ணையும் 1930-ஐயும் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.
5. தனியாக ஏடிஎம் செல்லும் முதியவருடன் வீட்டில் ஒருவர் செல்லுங்கள்.

புகார் கொடுத்தும் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. எழுதத் தெரியாதவர்கள் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தருகிறோம். உங்கள் பெயர் வெளியே போகாது. அதுவும் ஓர் அமானிதமே.

ஹலாலாகச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்துத் தருவானாக. ஆமீன்.