ஸ்டீயரிங்கிற்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மேஜை மேல் இருப்பதுதான் நம் நினைவுக்கு வரும். என் காரின் ஸ்டீயரிங்கிலும் ஒன்று இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் காரைத் திருப்பும்போது ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே சுற்றும். சென்னை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இறுகிவிடும். பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் கேட்டேன். "அப்படித்தான் சார் இருக்கணும்" என்றார்.

ஏன்? கார் மெதுவாகப் போகும்போது டயர் தரையில் உரசித் திரும்ப வேண்டும். அதற்கு அதிக பலம் தேவை. வேகமாகப் போகும்போதோ சிறு அசைவே காரை அடுத்த லேனுக்குத் தள்ளிவிடும். அங்கே ஸ்டீயரிங் லேசாக இருந்தால் ஆபத்து.

முன்பு இந்த உதவியை இன்ஜினோடு சுற்றும் ஆயில் பம்ப் தந்தது. 1988ல் ஜப்பானில் சுசுகி தன் செர்வோ காரில் மின்சார மோட்டாரைக் கொண்டு வந்தது. இன்றைய கார்களில் அது இப்படி வேலை செய்கிறது:

1. ஸ்டீயரிங் தண்டிலுள்ள மெல்லிய கம்பி, நாம் திருப்பும்போது சற்றே முறுகும். அந்த முறுக்கை டார்க் சென்சார் அளக்கும்.

2. காரின் வேகத்தை இன்னொரு சென்சார் சொல்லும்.

3. இரண்டையும் கண்ட்ரோல் யூனிட் ஓர் அட்டவணையில் தேடும். எக்ஸெல் ஒர்க்‌ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரோவில் நம் கைவிசை, காலத்தில் வேகம். இரண்டும் சந்திக்கும் செல்லில், மோட்டாருக்குத் தர வேண்டிய கரண்ட்.

4. அந்த அளவுக்கு மோட்டார் உதவும். வேகம் கூடக் கூட உதவி குறையும்.

ஒரு நாள் மாலை, மாம்பழச் சாலையிலிருந்து காவிரிப் பாலத்துக்குத் திரும்பும்போது, டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பூட்டிக்கொண்டது என்று பயந்து கையை எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் இடிக்காமல் நின்றது என் அதிர்ஷ்டம். காரணம், வலுவிழந்த பழைய பேட்டரி.

நான் செய்தது தவறு. மோட்டார் நின்றாலும் ஸ்டீயரிங்கும் சக்கரமும் இரும்புத் தண்டால் இணைந்தே இருக்கும். இரு கைகளாலும் அழுத்தித் திருப்பினால் கார் திரும்பும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். கார் ஓடும்போது மட்டும் சாவியைத் திருப்பி எடுத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங் உண்மையிலேயே பூட்டிக்கொள்ளும்.

நாளை காலை சாவியைப் போட்டதும் அந்த விளக்கைப் பாருங்கள். பல கார்களில் அது முதலில் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் முதல் பயணம் ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.