பத்து வருஷமா ஒரு ப்ளேஆஃப் வெற்றி கூட இல்லையா? கணக்கு போட்டுப் பார்ப்போம்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றாலே ஹைஸ்கூல் ஃபுட்பால் தான். நம்ம கால்பந்து இல்லைங்க. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். அங்கே சில பள்ளிகள் பத்து, இருபது வருஷமாக ப்ளேஆஃபில் ஒரு ஆட்டம் கூட ஜெயித்திருக்காது. இதை 'வறட்சி' என்பார்கள். வறட்சி நீண்டால் ஊர் முதலில் கோச்சைத்தான் கேள்வி கேட்கும். சில சமயம் வேலையும் போகும். அது நியாயமா?

விதி என்ன?

5ஏ டிவிஷன் 1 என்ற பிரிவை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 16 டிஸ்ட்ரிக்ட். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு அணிகள் உள்ளே வரும். ஆக 64 அணிகள், ஆறு சுற்றுகள், எல்லாமே நாக்-அவுட். முதல் சுற்றிலேயே 32 அணிகள் வெறுங்கையோடு வீடு திரும்பியாக வேண்டும். அது யார் தப்பும் இல்லை, அமைப்பே அப்படி.

அதிர்ஷ்டம் மட்டும் இருந்தால்?

டிஸ்ட்ரிக்டுக்கு 8 அணிகள், எல்லாம் சம பலம் என்று வைத்துக்கொள்வோம். தகுதி பெற வாய்ப்பு 0.5. முதல் ஆட்டத்தில் ஜெயிக்க வாய்ப்பு 0.5. இரண்டையும் பெருக்கினால் 0.25. அதாவது ஒரு வருஷம் வெற்றியே இல்லாமல் போக 0.75.

பத்து வருஷம் தொடர்ந்து அப்படிப் போக: 0.75-ஐப் பத்து முறை பெருக்கினால் சுமார் 0.056. "அட, ரொம்ப கம்மி தானே" என்று தோணும். ஆனால் மொத்தம் 128 அணிகள் இருக்கே! 128 × 0.056 = சுமார் 7. எந்த அணியும் மோசமில்லை என்றாலும், சராசரியாக ஏழு பள்ளிகள் பத்து வருஷ வறட்சியில் இருக்கும்.

இருபது வருஷத்துக்கு இதே கணக்கு சுமார் 0.4 பள்ளி தான். அங்கே அதிர்ஷ்டத்தை மட்டும் காரணம் சொல்வது கஷ்டம். வேறு ஏதோ இருக்கு.

அந்த வேறு ஏதோ என்ன?

முதல் சுற்றில் ஒரு டிஸ்ட்ரிக்டின் நான்காம் அணி, பக்கத்து டிஸ்ட்ரிக்டின் முதல் அணியோடு மோதும். ஒரு அணி பத்தில் ஒன்பது வருஷம் தகுதி பெறுது, ஆனால் எப்பவும் நான்காம் இடம் என்று வையுங்கள். ஜெயிக்க வாய்ப்பு 0.15 என்றால், பத்து வருஷ வறட்சிக்கு வாய்ப்பு சுமார் 0.23! தவறாமல் உள்ளே வரும் அணிக்குத்தான் வறட்சி வாய்ப்பு நான்கு மடங்கு. பிரச்சினை ப்ளேஆஃப் பயமோ சாபமோ இல்லை, டிஸ்ட்ரிக்டில் பிடித்த இடம்.

அதனால் வறட்சியைப் பார்த்தால் இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேளுங்கள்: எத்தனை முறை உள்ளே வந்தார்கள்? வந்தபின் யாரோடு மோதினார்கள்? தொழில்முறை லீகிலும் இது பொருந்தும். டெட்ராய்ட் லயன்ஸ் 1992 ஜனவரியில் ஜெயித்த பிறகு, அடுத்த ப்ளேஆஃப் வெற்றி 2024 ஜனவரியில் தான். ஆனால் 1992 முதல் 2022 வரையிலான 31 சீசன்களில் அவர்கள் ப்ளேஆஃபுக்கு வந்ததே 8 முறை. பாதி வறட்சி வாசலுக்கு வெளியிலேயே நடந்தது என்பதை விட, பெரும்பகுதி அங்கேதான் நடந்தது.

இன்னொன்று. ஹைஸ்கூலில் ஒரு பையன் அதிகபட்சம் நான்கு வருஷம் தான் ஆடுவான். பத்து வருஷ வறட்சியில் அணி முழுசாக இரண்டு தடவைக்கு மேல் மாறியிருக்கும். இந்த வருஷம் களமிறங்கும் பையன்கள் தோற்றது அந்தப் பத்து ஆட்டங்கள் இல்லை. அந்தச் சுமையை அவர்கள் தோளில் ஏற்றுவது கணக்குப்படியும் தப்பு.

பைத்தானில் 128 அணிகளை உருவாக்கி இருபது சீசன் ஓட்டிப் பாருங்க. சம பலமுள்ள அணிகளிலேயே எத்தனை 'சாபம் பிடித்த' பள்ளிகள் முளைக்குதுன்னு நீங்களே எண்ணலாம்.