சினைநண்டு

மாணவர்களே, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் சூழ்கடலும் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் மீன்குஞ்சுகட்கும் நண்டுகட்கும் தொட்டில்களாம்.

நீலக்கால் நண்டின் தாயைக் கண்டதுண்டா? பல இலட்சம் முட்டைகளை வயிற்றடியிற் சுமந்து திரியும். மஞ்சள் நிறமான அச்சினை, பொரிக்கும் நாள் நெருங்குங்கால் கருமை எய்தும். வலையிற்பட்ட அத்தாயை நீரில் விடுக என்று சொல்லுதல் நமக்கு எளிது. மீனவன் வீட்டில் அன்றைய உலைக்கு அரிசி வேண்டுமே! தான் விட்டதை அயலான் வாரிக்கொள்ளின், விட்டவனுக்கு என்ன பயன்? ஆதலின் ஊரார் அனைவரும் ஒருங்கே கட்டுப்படல் வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லா. நாட்டுப் படகுகட்கு அத்தடை இல்லை. அவற்றின் வலையிலும் சினைநண்டு சிக்கும். அதனை விடுவதும் கொள்வதும் வலைக்குரியான் கையிலேயே உள்ளது.