மீன் தொட்டிக்கு எந்தக் காற்று மோட்டார்?

வீட்டுக் கொல்லையில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறீர்களா? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்பதை மட்டும் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது குழாயை நீரில் இறக்காமல் அளந்த கணக்கு. உங்கள் ஆழத்தில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். தெரியாமல் விழிக்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றைத் தள்ள, கணக்குப்படி வெறும் 10 வாட் போதும். அதற்கு மேல் ஓடும் மின்சாரமெல்லாம் மோட்டாரிலும் குழாயிலும் காற்றைக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோனிலும் வீணாவதுதான்.

இந்த அளவுக்கு நான் சொல்வது லீனியர் டயாஃப்ரம் பம்ப். காந்தம் அதிர, ரப்பர் சவ்வு காற்றைத் தள்ளும். உரசும் பாகம் கிடையாது. 35 முதல் 50 வாட்டில் வேலை முடியும். சவ்வு தேயும், மாற்றிக்கொள்ளலாம். 40 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட்தான். அரைக் குதிரைத்திறன் ரிங் ப்ளோயரை முழுச் சுமையில் ஓட்டினால் 530 யூனிட்டைத் தாண்டும். பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு ப்ளோயர் சரி. ஒற்றைத் தொட்டிக்காரருக்கு அது வீண் ஆடம்பரம். வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்கு 3, 4 வாட் குட்டி பம்ப் போதும்.

பம்ப்பைவிட அதிகம் ஏமாற்றுவது குழாய். அதே 60 லிட்டரை 8 மி.மீ. டியூபில் ஐந்து மீட்டர் கொண்டுபோனால், தொட்டியை அரை மீட்டர் ஆழப்படுத்தியதற்குச் சமமான அழுத்தம் வழியிலேயே போய்விடும். 16 மி.மீ. போட்டால் அந்த இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகும். பணத்தை முதலில் இங்கே போடுங்கள்.

ஏர் ஸ்டோன் விஷயத்தில் இரண்டும் கெட்டான் நிலை. குமிழி பாதியளவு சிறுத்தால் அதே காற்றுக்கு நீரைத் தொடும் பரப்பு இரட்டிப்பாகும். ஆனால் துளை மிக நுண்ணியதென்றால் சீக்கிரம் அடைத்து பம்ப்பை முக்கவைக்கும். நடுத்தரமானதை எடுத்து, அவ்வப்போது கழுவுங்கள். காற்று அதிகமாக வந்தால் வால்வை இறுக்காதீர்கள், சவ்வு சீக்கிரம் போய்விடும். மிச்சத்தைப் பக்கக் குழாயில் வெளியே விடுங்கள்.

கரண்ட் போனால் நீர் குழாய் வழியாகப் பம்ப்புக்குள் ஏறாதபடி, பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். பாசி பிடித்த தொட்டியில் விடியலுக்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் மிகக் குறையும். அந்த நேரம் கரண்ட் போனால் சமாளிக்க, பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.