ஏழை இல்லத்தின் பல்வழி வருவாய்

வருவாய் சிறிதாயினும் செலவு மிகாதிருப்பின் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. ஆயின், வறியோர் இல்லத்தில் செலவைச் சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. உலையில் இடும் அரிசியைக் குறைக்கலாம். நோயையும் அடைமழையையும் குறைத்தல் இயலாது. எனவே, அவ்வில்லத்தார் வருவாய் வழியைப் பலவாக்கிக் கொள்கின்றனர். அவ்வழிகளின் இயல்பை, நெல்லை, தென்காசி மாவட்டங்களின் பீடித் தொழிலாளர் இல்லங்களைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

முதல் வழி

மேலப்பாளையம், கடையநல்லூர், முக்கூடல், ஆலங்குளம் முதலிய ஊர்களில் பீடி சுற்றுதல் பெரும்பாலும் பெண்டிரின் வீட்டுத் தொழிலாகும். நடு இந்தியக் காடுகளில் பறிக்கப்படும் இலையையும், தூளையும், நூலையும் பீடிக்கடையில் எடையிட்டு வாங்கி வருவர். இலையை நனைத்து, அளவாக நறுக்கி, மடியில் சுளகை வைத்துச் சுற்றுவர். கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். இலை மட்டமானதாயின் எண்ணிக்கை குறையும். அக்குறையைச் சுற்றியவரே ஈடுசெய்ய நேரும். கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி இல்லை. புகையிலைத் தூளால் உடல்நலமும் கெடுகிறது. எனினும், பிள்ளையைப் பேணியவாறே செய்யலாம் என்பதாலும், காசு தவறாது வரும் என்பதாலும் இத்தொழில் அவ்வில்லங்களின் முதுகெலும்பாய் நிற்கிறது.

துணை வழிகள்

ஒவ்வொரு வருவாய்க்கும் ஒரு காலமும் ஒரு பணியும் உண்டு. ஆடவர் சுமை தூக்கியோ, கட்டட வேலை செய்தோ, தெருவில் சிறு வணிகம் புரிந்தோ ஈட்டும் நாட்கூலி அன்றைய அடுப்புக்கு உரியது. பீடிக் கூலி மளிகைக் கடனை அடைக்கும். வளர்க்கும் ஆடு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நல்ல விலை பெறும். அது பள்ளிச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ ஆகும். பத்தமடையில் கோரைப்பாய் முடைதல் கைகொடுக்கிறது. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பும் பணத்தால் வீடு எழும்பிய குடும்பங்களும் உண்டு. ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை.

நன்மையும் விலையும்

பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், 13 நாடுகளின் ஏழை இல்லங்களை ஆராய்ந்தனர். அவ்வில்லங்கள் பல தொழில்களில் ஈடுபடுவதையும், ஒன்றில் ஆழ்ந்து தேர்ச்சி பெறாமையால் ஈட்டம் குறைவதையும் சுட்டினர். நம் ஊர்களிலும் இதுவே காண்கிறோம். பல வழிகள் இல்லத்தை வீழாமல் காக்கின்றன, ஆனால் உயர்த்துவதில்லை. நான்கு சிறு தொழில் செய்பவரிடம் ஒன்றைப் பெருக்கும் முதலும் இல்லை, பொழுதும் இல்லை. கைகள் போதாதபோது, படிக்கும் மகளின் கையும் இலை நறுக்க அழைக்கப்படுகிறது. வருங்காலத்தில் நல்ல வருவாய் தரத்தக்க வழியை, இன்றைய சிறு வருவாய்க்காக அடைத்துவிடுகிறோம்.

செய்யத்தக்கவை

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தின் வழியே மருத்துவ உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. அடையாள அட்டை பெறாதோர்க்கு இத்தகைய உரிமைகள் எட்டாக்கனியே. விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாணவர்கள் தம் தெருவில் உள்ள தாய்மார்க்கு இப்பணியைச் செய்து கொடுக்கலாம். ஜக்காத் வழங்கும் பெரியோர், அதைப் பலருக்குச் சில்லறையாகப் பகிர்வதோடு நில்லாது, ஓர் இல்லத்துக்குத் தையல் இயந்திரமாகவோ இரண்டு ஆடுகளாகவோ வழங்குவது பற்றியும் எண்ணுதல் நன்று.

பெண்மகள் ஒருத்தி பள்ளியைத் தொடர்வதால் அவள் இல்லம் இழப்பது அவளது பீடிக் கூலியே. அத்தொகையை ஈடுசெய்ய ஒவ்வோர் ஊராரும் முன்வருவாராயின், அவ்வில்லத்திற்கு நிலையான ஒரு வருவாய் வழி திறக்கும்.