ஒரு டாலர் தாளும் ஒன்பது கையெழுத்தும்

அன்புள்ள மகளே,

டென்னிஸ் வீராங்கனைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. விடாப்பிடியான அப்பா, இருள் பிரியும் முன்பே பயிற்சி, நடுவில் ஒரு முழங்கால் காயம், கடைசியில் கோப்பை. படிக்க நன்றாக இருக்கும். அதில் பொய்யும் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளலாமா என்று யோசிக்கிற வயதில் இருக்கும் உனக்கு அந்தக் கதை பாதி வழிக்குத்தான் துணை வரும். பிரான்சின் சுசான் லெங்லென் 1919-க்கும் 1925-க்கும் இடையே விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றவர். அந்தக் காலத்தில் அவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. 1926-ல் ஓர் அமெரிக்க ஏற்பாட்டாளரிடம் பணம் பேசிக்கொண்டு ஊர் ஊராக ஆடக் கிளம்பினார். அந்தப் பயணம் சில மாதங்களில் ஓய்ந்தது. பணத்துக்கு ஆடியவர் என்பதால், அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் தந்த விம்பிள்டனுக்கும் அவர் திரும்ப முடியவில்லை. திறமையில் என்ன குறை? ஆண்டு முழுக்க ஆட ஒரு போட்டித் தொடர் இல்லை, நம்பியிருக்கப் பரிசுத்தொகை இல்லை, நியாயம் கேட்க ஒரு சங்கம் இல்லை. அபாரமான பெண்கள் பிறந்ததால் பெண்கள் டென்னிஸ் ஒரு பிழைப்பாகிவிடவில்லை. ஆடுகிற பெண்கள் கூடி உட்கார்ந்து விதிகளைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆனது. இதுதான் என் கட்சி. எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்று பார்.

1968-ல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு முதன்முறையாகக் கதவைத் திறந்தது. ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் நிலைமை இன்னும் மோசமானது. 1970 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண்களில் வெல்பவருக்கு 12,500 டாலர், பெண்களில் வெல்பவருக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். காலிறுதிக்கு வராத பெண்ணுக்கு ஒரு காசும் கிடையாது. அதாவது விமானச் செலவு, அறை வாடகை எல்லாம் தன் பையிலிருந்து. போட்டியை நடத்திய ஜாக் கிரேமர் இறங்கி வரவில்லை. 'வேர்ல்ட் டென்னிஸ்' இதழை நடத்திவந்த கிளாடிஸ் ஹெல்ட்மன், அதே வாரத்தில் ஹூஸ்டனில் பெண்களுக்கென்றே 7,500 டாலர் பரிசுத்தொகையில் தனிப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். அதில் ஆடினால் இடைநீக்கம் என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் மிரட்டியது. செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு டாலர் கூலிக்கு ஒரு வார ஒப்பந்தத்தில் ஹெல்ட்மனிடம் கையெழுத்துப் போட்டார்கள். பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ், நான்சி ரிச்சி, பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வேலரி ஸீகன்ஃபஸ், ஜூலி ஹெல்ட்மன் ஆகிய ஏழு அமெரிக்கர்கள். ஜூடி டால்டன், கெர்ரி மெல்வில் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள். அன்று எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது, தேடிப் பார். அதில் டாலர் தாள்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிஜனுக்கு அப்போது 20 வயது. சங்கம் கதவைச் சாத்தினால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி, பல கட்டுரைகளில் விடுபட்டுப்போகிறது. அதே 1970-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் அள்ளியவர் மார்கரெட் கோர்ட். அந்த ஒன்பது பேரில் அவர் இல்லை. அவர் ஆடிய ஆட்டம் சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் உன் போன்ற பெண்களின் பிழைப்பை மாற்றியது அந்த ஒப்பந்தம்தான். ஹூஸ்டன் போட்டியைத் தொடர்ந்து தனித் தொடர் பிறந்தது. 1971-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த முதல் விளையாட்டு வீராங்கனை ஆனார் கிங். 1973 ஜூனில், விம்பிள்டன் தொடங்கும் முன், லண்டன் குளோஸ்டர் ஹோட்டலில் ஓர் அறையில் ஆட்டக்காரிகள் கூடினார்கள். நெதர்லாந்தின் உயரமான பெட்டி ஸ்டோவே கதவருகே காவல் நின்றார், முடிவு தெரியாமல் யாரும் வெளியே போய்விடக் கூடாதென்று. மகளிர் டென்னிஸ் சங்கம் அன்று பிறந்தது. முந்தைய ஆண்டு யுஎஸ் ஓபனில் கிங்குக்கு 10,000 டாலர், ஆண்களில் வென்ற நஸ்டாஸேவுக்கு 25,000 டாலர். சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்ற பேச்சோடு, குறையும் தொகையை ஈடுகட்ட ஒரு டியோடரண்ட் நிறுவனத்தின் பணமும் வந்து சேர்ந்தது. 1973 யுஎஸ் ஓபன், சம பரிசு தந்த முதல் கிராண்ட் ஸ்லாம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் முன்னாள் ஆண் சாம்பியனான 55 வயது பாபி ரிக்ஸைக் கிங் நேர் செட்களில் தோற்கடித்ததை 30,472 பேர் அரங்கில் இருந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான். என்னைக் கேட்டால் அது திருவிழா, ஹோட்டல் அறையில் நடந்ததுதான் வேலை.

இங்கே உன் அண்ணனோ பக்கத்து வீட்டு மாமாவோ ஒரு கேள்வி கேட்பார்: கிராண்ட் ஸ்லாமில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று, பாதி வேலைக்கு முழுக் கூலியா? கேள்வியைத் தள்ளிவிடாதே, பதில் சொல். மூன்று செட் என்பது பெண்கள் கேட்டு வாங்கிய சலுகை என்று நினைப்பது தவறு. 1901 அமெரிக்கப் போட்டியில் எலிசபெத் மூர் இரண்டு நாளில் இரண்டு ஐந்து செட் ஆட்டங்கள் ஆடிப் பட்டம் வென்றார். இரண்டிலும் சேர்த்து 105 கேம்கள். அடுத்த ஆண்டே நிர்வாகிகள், பெண்களின் உடல் தாங்காது என்று தாங்களாகவே முடிவு கட்டி, மூன்றாகக் குறைத்தார்கள். வென்ற மூருக்கே அதில் உடன்பாடு இல்லை. 1984 முதல் 1998 வரை பெண்களின் ஆண்டு இறுதிப் போட்டியின் இறுதி ஆட்டம் ஐந்து செட் முறையில்தான் நடந்தது. 1996-ல் ஸ்டெஃபி கிராஃபும் மார்ட்டினா ஹிங்கிஸும் ஐந்தாவது செட் வரை ஆடினார்கள். இன்னொன்றும் சொல். டென்னிஸில் மணிக்கணக்குக் கூலி எப்போதுமே கிடையாது. முதல் மூன்று செட்டிலேயே எதிராளியைச் சுருட்டிவிட்டுப் போகும் ஆண் ஆட்டக்காரரிடம் மீதி இரண்டு செட்டுக்கான பணத்தை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. 2005 விம்பிள்டன் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸும் லிண்ட்சே டேவன்போர்ட்டும் 2 மணி 45 நிமிடம் ஆடினார்கள். அதற்கு முந்தைய நாள் வீனஸ் கிராண்ட் ஸ்லாம் நிர்வாகிகளின் கூட்டத்துக்குப் போய்ச் சம பரிசுக்காகப் பேசிவிட்டு வந்திருந்தார். 2006-ல் விம்பிள்டன் ஆண்களுக்கு 6,55,000 பவுண்டு, பெண்களுக்கு 6,25,000 பவுண்டு வைத்திருந்தது. வித்தியாசம் வெறும் 30,000. அவ்வளவு பெரிய கிளப்புக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டா? பணம் இல்லாமல் அல்ல, மனம் இல்லாமல்தான் யுஎஸ் ஓபன் வழிகாட்டிய பிறகும் அந்த இடைவெளி 34 ஆண்டு நீண்டது. 2007-ல் இருவருக்கும் 7,00,000 ஆனது; அந்த ஆண்டு வென்றதும் வீனஸ்தான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. கூட்டம் ஆண்கள் ஆட்டத்துக்குத்தானே வருகிறது, சந்தை கொடுப்பதைத்தானே கொடுக்க முடியும் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. கிராண்ட் ஸ்லாமுக்கு வெளியே இன்றும் பல ஊர்களில் பெண்களின் பரிசுத்தொகை குறைவு. 2023 ரோம் போட்டியில் ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் சந்தை என்பது மழை போலத் தானாகப் பெய்வதில்லை. எந்த ஆட்டத்தை எந்த நேரத்தில் எந்த கோர்ட்டில் போடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். பிரெஞ்சு ஓபனில் இரவுக்கென்று தனி டிக்கெட்டில் ஒரே ஓர் ஆட்டம் நடக்கும். 2024-லும் 2025-லும் அந்த நேரத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூடப் போடவில்லை. இத்தனைக்கும் போட்டி இயக்குநர் அமேலி மொரெஸ்மோ, முன்னாள் முதல் நிலை வீராங்கனை. கடையின் முன்வரிசையில் வைக்காத சரக்கு விற்கவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்? முன்னால் வைத்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பார். 2023 யுஎஸ் ஓபன் பெண்கள் இறுதி ஆட்டத்தை, கோகோ காஃப் அரீனா சபலென்காவை வென்றதை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் சராசரியாக 34 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 23 லட்சம். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது, சரிதான். சந்தை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற பேச்சை மறுக்க இது போதும்.

பரிசுப் பணம் மட்டுமே தொழிலாகிவிடாது. தரவரிசை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள். கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகள்தான் உன் கணக்கில் நிற்கும்; ஒரு வாரம் கழிந்தால் போன ஆண்டு அதே வாரத்தில் சேர்த்தது உதிர்ந்துவிடும். ஆணுக்கு இந்தக் கணக்கு காயம்பட்டால் மட்டும் வலிக்கும். பெண்ணுக்குக் கருவுற்றாலே எல்லாம் கரைந்துபோகும். கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்றபின் 2009 யுஎஸ் ஓபனுக்குத் தரவரிசையே இல்லாமல், வைல்டு கார்டில் வந்து பட்டம் வென்றார். அதை வீரக்கதை என்று கொண்டாடினார்கள். ஏற்பாட்டாளர் மனம் வைத்துத் தந்த அனுமதியை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. வயிற்றில் குழந்தையோடு 2017 ஆஸ்திரேலிய ஓபனை வென்ற செரீனா வில்லியம்ஸ், 2018 பிரெஞ்சு ஓபனுக்கு 451-ஆவது இடத்தில், போட்டித் தரநிலை இல்லாமல் வந்து நின்றார். அந்த ஆண்டு முடிவில் சங்கம் விதியை மாற்றியது: குழந்தை பிறந்து மூன்று ஆண்டுக்குள் பழைய தரவரிசையைக் காட்டி 12 போட்டிகள் வரை நுழையலாம். 2025-ல் மகப்பேறு விடுப்புக்கு 12 மாதம் வரை ஊதியம் தரும் நிதியும் வந்தது. இளம் வயதுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. ஜெனிஃபர் கேப்ரியாட்டி 13 வயதில், 1990-ல், தொழில்முறைக்கு வந்தார். 16 வயதில் ஒலிம்பிக் தங்கம். அதன்பின் சில ஆண்டுகள் ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கினார். 1995 முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆடலாம் என்று வரம்பு வந்தது. திறமைக்குப் பூட்டு என்று பெற்றோர் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 15 வயதில் விம்பிள்டனில் வீனஸை வீழ்த்திய காஃப் இந்தப் பூட்டுக்குள் இருந்துதான் வளர்ந்தார், 19 வயதில் யுஎஸ் ஓபனை வென்றார்.

சங்கம் செய்ததெல்லாம் சுத்தமான காரியம் என்று நான் உன்னை நம்பவைக்கப் போவதில்லை. ஆரம்பத் தொடரைத் தாங்கிப் பிடித்தது வர்ஜீனியா ஸ்லிம்ஸ், பெண்களைக் குறிவைத்து விற்ற சிகரெட். இன்றைய மகப்பேறு நிதி சவுதி அரேபிய அரசு முதலீட்டு நிதியத்தின் பணம். 2024-ல் ஆண்டு இறுதிப் போட்டியும் ரியாத்துக்குப் போனது. முன்னாள் முதல் நிலை வீராங்கனைகளான கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரதிலோவாவும் இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்கள். முன்னாள் உயரதிகாரி ஒருவர் மீது பாலியல் புகார் சொன்ன சீன வீராங்கனை பெங் ஷுவாயின் விவகாரத்தில் 2021 டிசம்பரில் சீனப் போட்டிகளையெல்லாம் நிறுத்திவைத்த அதே சங்கம், 2023-ல் மறுபடி அங்கே போனது. முதலில் காட்டிய துணிச்சல் உண்மை, பின்வாங்கியதும் உண்மை. எவர்ட்டும் நவ்ரதிலோவாவும் எழுதியது சரி என்பதே என் எண்ணம். ஆனால் அவர்களை அப்படிப் பேச வைக்கும் அளவுக்கு ஒரு மேடையைக் கட்டிய பணத்திலும் புகை நாற்றம் உண்டு என்பதை மறைக்க முடியாது.

மேல்தட்டுக்குக் கிடைத்தது கீழே எவ்வளவு இறங்கியது என்பதுதான் உன்னைப் போன்றவளுக்கு முக்கியம். கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் 128 பேர். தரவரிசையால் நேரடியாக நுழைபவர்கள் நூற்றுச் சொச்சம். 2025 யுஎஸ் ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,10,000 டாலர். நம்மூர்ப் பெண்கள் புள்ளி சேர்க்கத் தொடங்கும் சிறிய சர்வதேசப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்கும் சேர்த்தே 15,000 டாலர்தான். அதில் வென்றாலும் மட்டைக்கு நரம்பு கட்டி, பயிற்சியாளருக்குக் கொடுத்து, அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்தால் கையில் மிஞ்சாது. கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் வென்று, ஓபன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் தொட்ட உச்ச தரவரிசை 134. நாட்டிலேயே முதல் ஆளாக இருந்தும், பணம் புழங்கும் அந்த நூறு பேருக்கு வெளியே. ஒற்றையரில் 27 வரை ஏறிய சானியா மிர்ஸா இரட்டையரில் முதலிடம் பிடித்தார். 2018-ல் தாயாகி 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் திரும்பி வந்து இரட்டையர் பட்டம் வென்றார். அவருக்குப் பின் ஒற்றையரில் அந்த உயரத்தை இன்னொரு இந்தியப் பெண் எட்டவில்லை. 2022-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்கள் சர்வதேசப் போட்டி நடந்தபோது வென்ற செக் வீராங்கனை லிண்டா ஃப்ரூவிர்த்தோவாவுக்கு வயது 17. இங்கே உன் வயதில் திறமை இல்லாமல் இல்லை. உள்ளூரிலேயே வாரம் தவறாமல் ஆடிப் புள்ளி சேர்க்கும் போட்டிகள்தான் போதவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் ஆடுகிறவர்களும் பெற்றோர்களும்தான்.

அடுத்த முறை ஒரு போட்டியின் பரிசுப் பட்டியல் கண்ணில் பட்டால் கோப்பை வென்றவரின் வரியை விட்டுவிட்டு, முதல் சுற்றில் தோற்றவரின் வரியை முதலில் பார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் பெரிய போட்டிகளில் 2027-க்குள்ளும், பெண்கள் தனியாக ஆடும் போட்டிகளில் 2033-க்குள்ளும் சம பரிசு என்று சங்கம் 2023-ல் அறிவித்திருக்கிறது. அந்த 2033-ல் உனக்கு என்ன வயதிருக்கும் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவர்